நெற்றி மின்னுகிறதா?

கேள்வி: தக்கலை பக்கம் முற்றத்தில் சிமென்ட் தொட்டி கட்டி, வெள்ளை உடம்பில் மஞ்சள் திட்டு உள்ள இரண்டு கோய் மீன் (ஜப்பானிய அலங்காரக் கெண்டை) விட்டேன். 'ஹரிவாக்கே' வகை என்று சொல்லி விற்றார்கள். ஆறே மாதத்தில் வெள்ளை மஞ்சளடித்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா? அடுத்த முறை எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் தலையைப் பாருங்கள். கோய் மீனுக்குத் தலையில் செதில் கிடையாது. ஹரிவாக்கே என்பது உலோகம்போல் மின்னும் வெள்ளை உடம்பில் மஞ்சள் அல்லது ஆரஞ்சுத் திட்டு உள்ள வகை. அந்தப் பளபளப்பு தோலிலேயே இருப்பதால் நெற்றியும் மார்புத் துடுப்பும் துலக்கிய வெள்ளித் தட்டு மாதிரி மின்ன வேண்டும். செதில்கள் மட்டும் கண்ணாடிச் சில்லு பதித்ததுபோல் மினுங்கி, தலை மங்கிக் கிடந்தால் அது ஜின்ரின் என்ற வேறு வகை. அழகான மீன்தான், ஆனால் ஹரிவாக்கே அல்ல.

கண்ணாடித் தொட்டியில் பக்கவாட்டில் பார்த்து வாங்காதீர்கள். நீல நிறத் தொட்டியில் விடச் சொல்லி, மேலிருந்து பாருங்கள். முதுகு வளைந்திருந்தால் திட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். திட்டின் ஓரம் வெட்டினாற்போல் இருக்க வேண்டும். நிறம் ரத்தச் சிவப்பாக இல்லையே என்று மட்டும் குறைப்படாதீர்கள். பளபளப்பு படர்ந்த உடம்பில் சிவப்பும் ஆரஞ்சாகத்தான் தெரியும். குஜாக்கு (ஹரிவாக்கே மாதிரியே மின்னும், கறுப்பு வலைப்பின்னல் உள்ள வகை) வாங்குவதானால் முதுகுச் செதில்களில் கறுப்பு வலைப்பின்னல் சீராக ஓட வேண்டும், தலையில் கறுப்பு ஏறியிருக்கக் கூடாது.

சரி, வெள்ளை ஏன் மஞ்சளடித்தது? எனக்குத் தீவனத்தின் மேல்தான் சந்தேகம். ஸ்பைருலினா என்ற பாசி கலந்த நிறமேற்றும் தீவனம் சிவப்புக்கு நல்லது. தினமும் போட்டால் வெள்ளையிலும் சாயம் ஏறும். இரண்டு மூன்று மாதம் சாதாரணத் தீவனத்துக்கு மாறிப் பாருங்கள்.

அப்புறம் தண்ணீர். நமக்கு ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மழைநீரில் சுண்ணாம்புச் சத்து கிடையாது. தொட்டியில் அதிகம் கலந்தால் பி.ஹெச். (தண்ணீரின் அமில-கார அளவு) சட்டென இறங்கிவிடும். மொட்டைமாடிக் குழாயைத் தொட்டிக்குள் திருப்பிவிட்டு இரண்டு மீனைப் பறிகொடுத்தவன் நான். கடற்கரைக் கிளிஞ்சலை நன்றாகக் கழுவி, வலைப் பையில் கட்டி ஃபில்ட்டரில் போட்டுவையுங்கள், பி.ஹெச். இறங்கும்போது அது மெல்லக் கரைந்து தாங்கிப் பிடிக்கும். சித்திரை வெயிலில் தொட்டிக்கு நிழல் வேண்டும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் நிற்காது, விடியற்காலையில்தான் ரொம்பக் குறையும். ஏர் பம்பை இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டால் கரண்ட் போனாலும் கவலையில்லை.

ஏமாந்தீர்களா என்று கேட்டிருந்தீர்கள். வாங்கிய அன்று போனில் படம் எடுத்திருந்தால் நெற்றியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அன்றே மங்கலாக இருந்திருந்தால், எந்தத் தீவனம் போட்டாலும் அது மின்னப்போவதில்லை.