ஸ்காட்லாந்தின் ஒரு சிறிய ஊரை எடுத்துக்கொண்டு, அதன் வரலாறும் அங்குள்ள மக்களின் கூட்டு வாழ்க்கையும் எப்படி என்று சொல்ல முடியுமா?

ஒரே ஒரு ஊர் என்றால் நான் ஐமவுத்தைத்தான் சொல்வேன். எடின்பரோவுக்குத் தென்கிழக்கே, இங்கிலாந்து எல்லையை ஒட்டினாற்போல், வடகடலோரம் இருக்கும் மீன்பிடி ஊர். மூவாயிரத்துச் சொச்சம் பேர் இருப்பார்கள். அரண்மனையும் மலையும் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கே இறங்குவதில்லை. எனக்கு ஸ்காட்லாந்தில் மிகவும் பிடித்த ஊர் இதுதான்.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள ஒரு நாளைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1881 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. அந்த வாரம் முழுக்க வானிலை சரியில்லாமல் படகுகள் கரையிலேயே கிடந்தன. கடலுக்குப் போகாவிட்டால் வீட்டில் காசு இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் காற்று அடங்கி வெயில் அடித்தது. துறைமுகத்தில் இருந்த காற்றழுத்தமானி மட்டும் மிகவும் கீழே இறங்கியிருந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் பெண்கள் மட்டிச் சதையைக் கீறியெடுத்து, நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில் முட்களில் இரை கோத்துத் தயாராக வைத்திருந்தார்கள். அந்த இரை நாள்கணக்கில் தாங்காது. ஒரு படகு கிளம்பினால் மற்றவர்களும் நிற்க மாட்டார்கள். கிளம்பினார்கள்.

நண்பகலில் திடீரென்று வானம் இருண்டு புயல் பிடித்துக்கொண்டது. பல படகுகள் துறைமுகத்தை நோக்கித் திரும்பின. அங்கேதான் பெரிய அபாயம் இருந்தது. ஐமவுத் துறைமுகத்தின் வாயில் குறுகலானது. அதற்கு எதிரே ஹர்கர் என்ற பாறைக்கூட்டம். வீடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், மனைவியும் பிள்ளைகளும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, படகுகள் அந்தப் பாறைகளில் மோதி உடைந்தன. கரைக்கு வர முயலாமல் ஆழ்கடலிலேயே புயலைத் தாக்குப்பிடித்தவர்களில் சிலர் பிழைத்தார்கள். ஏரியல் கெசல் என்ற படகு ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பி வந்தது. அதற்குள் ஊர் அந்தப் படகையும் மூழ்கியவற்றின் கணக்கில் சேர்த்துவிட்டிருந்தது.

அந்தக் கடற்கரையில் மொத்தம் 189 பேர் இறந்தார்கள். ஐமவுத்தில் மட்டும் 129 பேர். பக்கத்து பர்ன்மவுத்தில் 24, கோவ் என்ற சிறு கிராமத்தில் 11, செயின்ட் ஆப்ஸில் 3. மீதிப் பேர் எடின்பரோ பக்கத்து நியூஹேவனையும் ஃபிஷரோவையும் சேர்ந்தவர்கள். இவ்வளவு சின்ன ஊரில் 129 ஆண்கள் என்றால், துக்கம் இல்லாத தெருவே இருந்திருக்காது. அப்பா, அண்ணன், தம்பி எல்லோரும் ஒரே படகில் போவதுதான் வழக்கம் என்பதால் சில வீடுகளில் ஆண்களே மிஞ்சவில்லை.

இதை வெறும் இயற்கைப் பேரிடர் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. அதற்கு முன் பல தலைமுறைகளாக, பிடித்த மீனில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயப் பாதிரியாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற வரி இந்த ஊரை அழுத்திக்கொண்டிருந்தது. மற்ற ஊர்களில் அது மறைந்த பிறகும் இங்கே விடவில்லை. வில்லியம் ஸ்பியர்ஸ் என்ற மீனவர் தலைமையில் ஊரே எதிர்த்து நின்றது. கடைசியில் 1860களில், பெரும் தொகை கொடுத்துத்தான் அந்த வரியிலிருந்து விடுபட முடிந்தது. வரியும் வழக்கும் கடனுமாகக் கழிந்த அந்தக் காலத்தில் பாதுகாப்பான துறைமுகம் கட்டும் வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நல்ல துறைமுகம் இருந்திருந்தால் அன்று எத்தனையோ பேர் கரையேறியிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஸ்பியர்ஸுக்கு ஊர் நடுவே இப்போது ஒரு சிலை இருக்கிறது. பிரபுக்களுக்கும் தளபதிகளுக்கும் சிலை வைக்கும் நாட்டில், வரி கட்ட மறுத்த மீனவனுக்குச் சிலை வைத்த ஊர் இது.

நாடெங்கும் இருந்து நிவாரண நிதி வந்தது. விக்டோரியா ராணியும் கொடுத்தார். ஆனால் அதன் பிறகு குடும்பங்களை இழுத்துக்கொண்டு போனவர்கள் பெண்கள். மட்டி பொறுக்குவது, இரை கோப்பது, ஹெர்ரிங் மீனைக் கீறி உப்பிட்டுப் பீப்பாய்களில் அடுக்குவது என்று கை ஓயாத வேலை. மீன்கூட்டம் போகும் திசையில் ஸ்காட்லாந்துக் கிழக்குக் கரைப் பெண்கள் துறைமுகம் துறைமுகமாக இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத் வரைக்கும் வேலைக்குப் போன காலம் அது.

1981இல் நூறாவது ஆண்டு வந்தபோது, ஊர்ப் பெண்கள் சேர்ந்து அந்தப் புயலைப் பெரிய சித்திரத் துணியாகத் தைத்தார்கள். எனக்கு இந்தச் செய்தி மிகவும் முக்கியமாகப் படுகிறது. வெளியூர்க் கலைஞரிடம் விட்டுவிடாமல், தங்கள் கையாலேயே ஊசி கோத்துச் செய்தார்கள். 2016இல் கடற்கரையில் வெண்கலச் சிற்பம் ஒன்று வைத்தார்கள். அதில் இறந்த ஆண்கள் இல்லை. கடலைப் பார்த்து நிற்கும் பெண்களும் குழந்தைகளும்தான் இருக்கிறார்கள். பர்ன்மவுத், கோவ், செயின்ட் ஆப்ஸ் மூன்றிலும் அதே சிற்பி ஜில் வாட்சன் செய்த சிறு சிற்பங்கள் அந்தந்த ஊர்க் குடும்பங்களுக்காக நிற்கின்றன.

துக்கம் மட்டுமே ஊர் இல்லை. ஒவ்வொரு ஜூலையிலும் 'ஹெர்ரிங் குயின்' விழா நடக்கிறது. 1939இல் தொடங்கியது. முதல் உலகப்போருக்குப் பிறகு மீனவர்கள் நடத்திய உல்லாசக் கூடுகையிலிருந்து வளர்ந்தது. ஊர் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண்ணை ராணியாகத் தேர்ந்தெடுப்பார்கள். அவள் செயின்ட் ஆப்ஸிலிருந்து மீன்பிடிப் படகில் வருவாள். சுற்றிலும் தோரணம் கட்டிய படகுகள். துறைமுகச் சுவரெல்லாம் ஆட்கள். முடிசூட்டுவது உண்டு, புயலில் இறந்தவர்களுக்கு மலரஞ்சலி செலுத்துவதும் உண்டு. பாட்டி ஒரு காலத்தில் ராணியாக இருந்தாள், இப்போது பேத்தி தோழியாக வருகிறாள் என்கிற மாதிரிப் பேச்சு அங்கே சகஜம்.

துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் கன்ஸ்கிரீன் ஹவுஸ் என்ற கம்பீரமான வீட்டையும் சொல்ல வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் ஜான் நிஸ்பெட் என்ற வணிகர் கட்டியது. அவர் தொழில் தேயிலைக் கடத்தல்! சுவருக்குள்ளேயே தேயிலையைக் கொட்டி ஒளிக்க ரகசிய வழி வைத்திருந்தார். அந்தத் தேயிலை சீனாவிலிருந்து வந்தது. அசாமிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்கள் வருவதற்கு ரொம்ப முந்தைய காலம். 1784இல் அரசு தேயிலை மீதான வரியை வெட்டிக் குறைத்ததும் கடத்தலில் லாபம் போய்விட்டது.

அப்புறம், செயின்ட் ஆப்ஸில் 2015இல் நடந்தது. உயிர்காப்புப் படகுகளை நடத்தும் தேசிய அமைப்பு, ஐமவுத் பக்கத்திலேயே இருக்கிறது என்ற காரணத்தைச் சொல்லி அங்கிருந்த நிலையத்தை மூடியது. கிராமத்து மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நன்கொடை திரட்டினார்கள், டன்னக் என்ற ஸ்காட்லாந்து பிஸ்கட் நிறுவனமும் பெரிதாகக் கொடுத்தது. மறு வருடமே சொந்தப் படகைக் கடலில் இறக்கினார்கள். அதை ஓட்டுகிறவர்கள் ஊர்த் தன்னார்வலர்கள். 1881ஐ அறிந்தவர்களுக்கு அந்தப் பிடிவாதம் புரியும்.

இப்போது ஐமவுத்தில் நண்டு, லாப்ஸ்டர், இறால் பிடிக்கும் படகுகளோடு, கடலுக்குள் இருக்கும் காற்றாலைகளைப் பராமரிக்கும் படகுகளும் நிற்கின்றன. 1891இல் வந்த ரயில் கிளைப்பாதை 1962இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் சில மைல் தள்ளியுள்ள ரெஸ்டன் நிலையத்தை 2022இல் மறுபடி திறந்திருக்கிறார்கள். எடின்பரோவிலிருந்து அங்கே இறங்கி வரலாம். போவதாக இருந்தால் ஜூலையில் விழா வாரத்தைப் பார்த்துப் போங்கள். தங்கும் அறைக்கு மட்டும் முன்னதாகவே சொல்லி வைத்துவிடுங்கள்.