செங்கல்பட்டு – கடற்கரை லோக்கல்: கேள்வி பதில்

செங்கல்பட்டு, தாம்பரம், கடற்கரை மின்சார ரயில் தடத்தில் தினம் வேலைக்குப் போய் வருவது பற்றி மட்டும் கேளுங்கள். கட்டணம், நேரம், மாறும் இடம், அபராதம் எல்லாம் கேட்கலாம்.

மறைமலைநகரிலிருந்து நுங்கம்பாக்கம், 9.30 ஆபீஸ். அடுத்த வாரம் சேர்கிறேன். சீசன் டிக்கெட் எடுக்கலாமா, தினம் டிக்கெட் வாங்கலாமா? எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

மாத சீசனுக்கு ஏறத்தாழ 15 ஒருவழிக் கட்டணம்தான் ஆகும். போக ஒன்று, வர ஒன்று என்று கணக்குப் போட்டால் எட்டாவது வேலை நாளில் போட்ட காசு வந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஆபீஸ் என்றால் இழுபறி, மூன்று நாள் என்றால் யோசிக்கவே வேண்டாம். மூன்று மாத சீசன் மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்கு. மிச்சமாவது ஒன்பது நாள் சீசன் காசு. நடுவில் பத்து நாள் ஊருக்குப் போகிறவர் அதை எடுக்காமல் மாதாமாதம் எடுத்துக்கொள்வதே மேல்.

கைப்பேசியில் எடுக்கும் சீசன் மறுநாளிலிருந்துதான் செல்லும். நேற்று முடிந்த சீசனை இன்று காலை புதுப்பித்துவிட்டு வண்டியில் ஏறினால், இன்றைக்கு உங்களிடம் டிக்கெட் இல்லை என்றுதான் அர்த்தம். முடிவதற்குப் பத்து நாள் முன்பே புதுப்பிக்கலாம். கவுன்டரில் வாங்கினால் அடையாள அட்டையும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். அட்டை இல்லாத சீசன் வெறும் காகிதம்.

பயணம் ஒன்றேகால் மணி நேரம். தாம்பரத்துக்குத் தெற்கே லோக்கலும் தென்மாவட்ட விரைவு ரயில்களும் தண்டவாளத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. விடிகாலையில் எழும்பூருக்கு வரவேண்டிய ஒரு வண்டி தாமதமானால் அதற்கு வழிவிட்டு லோக்கல் நிற்கும். பெருங்களத்தூருக்கும் தாம்பரத்துக்கும் நடுவே காரணமே இல்லாமல் நிற்பதாகத் தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான். அதனால் இருபது நிமிடம் கூட்டிக்கொண்டு, 7.45க்குள் வரும் வண்டியைப் பிடியுங்கள். ‘ஃபாஸ்ட்’ என்று அறிவித்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அது தாம்பரத்துக்கு வடக்கே பல நிலையங்களை விட்டுவிட்டுப் போகும், நுங்கம்பாக்கமும் அதில் அடக்கம். தெரியாமல் ஏறிவிட்டால் மாம்பலத்தில் இறங்கி சாதா வண்டிக்கு மாறுங்கள், அங்கிருந்து இரண்டாவது நிலையம்.

இன்னொன்று. பன்னிரண்டு பெட்டி வண்டி கிட்டத்தட்ட 250 மீட்டர் நீளம். இறங்கும் நிலையத்தில் படிக்கட்டுக்கு நேராக எந்தப் பெட்டி நிற்கிறது என்று முதல் நாளே எண்ணி வையுங்கள். மறுமுனையில் இறங்கினால் கூட்டத்தோடு ஊர்ந்து வெளியே வர நாலு நிமிடம் போகும்.

கடைசியாக, ஏறும் முன் முதல் வகுப்புப் பெட்டியா என்று பாருங்கள். உள்ளே பெரிய வித்தியாசம் தெரியாது, வெளியே எழுதியிருப்பதுதான் அடையாளம். புதிதாக வருபவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான்.

எந்தப் பக்கம் உட்கார்ந்தா வெயில் படாது?

வண்டி போகும் திசைக்கு இடப்பக்கம். காலையில் வடக்கே போகிறது, சூரியன் வலப்பக்கம். மாலையில் தெற்கே வருகிறது, மேற்கு வெயிலும் வலப்பக்கம். காலையில் பரனூர் பக்கத்துக் கொளவாய் ஏரியைப் பார்க்க வேண்டுமென்றால் வெயிலைப் பார்க்காதீர்கள்.

கூடுவாஞ்சேரி வீடு, சிறுசேரி வேலை. கிண்டி போய் பஸ் பிடிக்கிறதா?

வேண்டவே வேண்டாம். வடக்கே போய் மறுபடி தெற்கே வருகிறீர்கள். வண்டலூரில் இறங்கிக் கேளம்பாக்கம் சாலை வழியாகப் போங்கள். துரைப்பாக்கம் என்றால்தான் பல்லாவரம், அங்கிருந்து ரேடியல் சாலை.

7.40 வண்டி கூடுவாஞ்சேரி வரும்போதே நிற்க இடமில்லை. பின்னாடி செங்கல்பட்டுக்குப் போய் அதே வண்டியில உட்கார்ந்து வரலாமா? எல்லாரும் பண்றாங்க.

சீசன் கூடுவாஞ்சேரியிலிருந்து என்றால், அதற்குத் தெற்கே நீங்கள் டிக்கெட் இல்லாப் பயணி. அந்தத் தூரத்துக்கான கட்டணம், அதற்குமேல் குறைந்தது 250 ரூபாய். செங்கல்பட்டிலிருந்தே சீசன் எடுத்தால் குற்றமில்லை. ஆனால் நேரத்தைப் பாருங்கள். போக அரை மணி, வர அரை மணி, நடுவே வண்டி நிற்கும் நேரம் வேறு. ஒரு மணி நேரம் உட்கார்வதற்காக ஒரு மணி நேரத்தைக் கொடுக்கிறீர்கள். செங்கல்பட்டிலிருந்து வரும் எல்லா வண்டியும் அங்கேயே புறப்படுவதும் இல்லை. திருமால்பூரிலிருந்து வருபவை காஞ்சிபுரத்துக் கூட்டத்தோடுதான் வந்து சேரும். தாம்பரம் வரை நின்றுவிட்டு, தாம்பரத்தில் புறப்படும் வண்டிக்கு மாறுங்கள். உட்கார இடம் கிடைக்கும்.

செங்கல்பட்டு வாசி: இவங்களால நாங்க நிக்கிறோம் சார். வண்டி வரும்போதே பின்னாடி வந்தவங்க இறங்காம உட்கார்ந்திருக்காங்க. ஆறு மணிக்கு வீட்டை விட்டு வர்றவனுக்கு சீட் இல்லை.

நியாயமான கோபம்தான். ஆனால் சாதாரண லோக்கலில் இருக்கைக்கு முன்பதிவு இல்லை. முழு தூரத்துக்குக் காசு கட்டியவரை எழுப்ப உங்களுக்கு உரிமையும் இல்லை.

கூடுவாஞ்சேரிக்காரர்: அப்படிச் சொல்லுங்க! தாம்பரத்துல மாறச் சொல்றது எளிது. மேம்பாலம் ஏறி இறங்குறதுக்குள்ள வண்டி போயிடும், அடுத்ததுக்குப் பத்து நிமிஷம்.

பத்து நிமிடம் போகட்டும், நீங்கள் சொல்லும் வழியில் ஒரு மணி நேரம் போகிறதே.

செங்கல்பட்டு வாசி: காசு கட்டினா கைக்குட்டை போட்டு எட்டு சீட் பிடிக்கலாமா?

கூடாது. கைக்குட்டைக்கும் டிபன் பைக்கும் சீசன் கிடையாது. ஒருவர் முன்கூட்டி ஏறி தோழர்கள் ஏழு பேருக்கு இடம் போடுவதுதான் சிக்கலே. பையை மரியாதையாக மேலே வைத்துவிட்டு உட்காருங்கள். கைகலப்பு வேண்டாம், ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) இருக்கிறது.

சீசன் எடுத்தா லாபமா?

முதல் பதில்.

ஏசி லோக்கல்ல சாதா சீசன் செல்லுமா?

செல்லாது, அதற்குத் தனிச் சீசன். 2025 ஏப்ரலில் இத்தடத்தில் வந்தபோது குறைந்த கட்டணம் 35, கடற்கரை – செங்கல்பட்டு 105 ரூபாய். கதவு தானாக மூடிக்கொள்ளும், ஓடிவந்து தொங்கும் வேலை அங்கே நடக்காது. கோடையில் மாலை நேரத்துக்கு மட்டும் தனி டிக்கெட் வாங்கி வருவது நல்ல நடுவழி.

ஊரப்பாக்கத்துல வீடு பார்க்கலாமா, சிங்கப்பெருமாள்கோயில்லயா? வாடகை எப்படி?

வாடகை என் பாடமல்ல. வீட்டிலிருந்து நிலையத்துக்கு இரவு பத்து மணிக்கு நடந்து பாருங்கள். தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டாமல் வர வழி இருக்கிறதா என்று பாருங்கள். புரோக்கர் ‘அஞ்சு நிமிஷம்’ என்பது பல இடங்களில் தண்டவாளம் வழியாக நடக்கும் கணக்கு. அது உயிருக்கு ஆபத்து, பிடிபட்டால் வழக்கும் உண்டு.

அம்பத்தூர் போக எங்க மாறணும்?

பூங்கா நிலையத்தில் இறங்கி, சுரங்கப்பாதையில் சாலையைக் கடந்து மூர் மார்க்கெட் வளாகம் (சென்ட்ரலின் புறநகர் ரயில் முனையம்). அங்கே அரக்கோணம் தடம்.

போன் சார்ஜ் போயிடுச்சு, டிக்கெட் அதுலதான். டி.டி.ஆர். விடுவாரா?

விடமாட்டார். திரையில் காட்ட முடியாவிட்டால் டிக்கெட் இல்லை. ஸ்கிரீன்ஷாட்டும் செல்லாது.

நிலையத்துக்குள்ள வந்துட்டேன், ஆப்ல டிக்கெட் வரமாட்டேங்குது.

வளாகத்துக்குள் வராது, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் வரும். அல்லது வீட்டு வாசலிலேயே எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு, கோடம்பாக்கம். வண்டி இருக்குமா?

ஞாயிறு அட்டவணை வேறு, வண்டிகள் குறைவு. பராமரிப்புக்காக லைன் பிளாக் எடுப்பதும் (தடத்தில் வண்டி விடாமல் நிறுத்திவைப்பதும்) வார இறுதியில்தான். சனிக்கிழமை இரவே தெற்கு ரயில்வே அறிவிப்பைப் பாருங்கள். தாம்பரத்தோடு வண்டி நின்றால் ஜி.எஸ்.டி. சாலை பேருந்து, அல்லது திரிசூலத்துக்கு எதிரே விமான நிலைய மெட்ரோ.

மாதச் சீசன் எவ்வளவு சார்?

முதல் பதில். மூன்றாவது முறை.

முதல் வகுப்புல தெரியாம ஏறிட்டேன், கூட்டமே இல்லைன்னு. 250 வாங்கிட்டாங்க. முறையிடலாமா?

அலுவல் நேரத்தில் காலியாக இருந்த பெட்டி ஏன் காலி என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். கட்டண வித்தியாசத்தையும் சேர்த்து வாங்கியிருந்தால் கணக்குச் சரி. ரசீது தந்தார்களா என்று பாருங்கள். தரவில்லை என்றால்தான் முறையீடு.

கூடுவாஞ்சேரிக்காரர்: கடைசியா ஒண்ணு. தாம்பரத்துல மாறினா எத்தனை மணி வண்டி?

கூடுவாஞ்சேரியிலேயே புறப்படும் வண்டிகளும் அட்டவணையில் இருக்கின்றன. முதலில் அதைப் பாருங்கள்.