குறைந்த விலை வயர்லெஸ் கன்ட்ரோலர்: கொழிஞ்சாம்பாறையில் கேட்ட கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் கணினிகளும் விளையாட்டுக் கருவிகளும் பழுது பார்க்கும் என்னிடம், சித்தூர் வட்டத்துத் தமிழ் இளைஞர்களும் பெற்றோர்களும் அடிக்கடி கேட்பது வயர்லெஸ் கன்ட்ரோலரைப் பற்றித்தான், அதாவது இரு கைகளிலும் பிடித்து வீடியோ விளையாட்டு ஆடும் வயரில்லாக் கருவியைப் பற்றித்தான். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்றவற்றைத் தயாரிப்பவர்கள் விற்கும் கன்ட்ரோலர்களை விட்டுவிட்டு, பிற நிறுவனங்கள் குறைந்த விலையில் தருபவை பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வேலந்தாவளம், கல்லூரி மாணவர்: அண்ணா, கையில் 2,000 ரூபாய் இருக்கிறது. எதை வாங்கலாம் என்று ஒரே பெயராகச் சொல்லிவிடுங்கள்.

தம்பி, அதை எதில் இணைக்கப் போகிறீர்கள் என்பது தெரியாமல் பெயர் சொன்னால் உங்கள் பணம் வீணாகும். விண்டோஸ் கணினி என்றால் 'எக்ஸ்-இன்புட்' (நீங்கள் எதை அழுத்தினீர்கள் என்று விளையாட்டுக்குத் தெரிவிக்கும் ஒரு முறை) முறையில் இயங்கும் கன்ட்ரோலராகப் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த அந்த முறையைத்தான் இன்றைய கணினி விளையாட்டுகளில் பெரும்பாலானவை எதிர்பார்க்கின்றன. பழைய 'டைரக்ட்-இன்புட்' மட்டுமே உள்ள கன்ட்ரோலரைச் செருகினால், விளையாட்டு அதைக் கண்டுகொள்ளாமலே போகலாம், அல்லது பொத்தான்கள் இடம் மாறி வேலை செய்யலாம்.

பெயரை மட்டும் நம்புவதிலும் ஓர் ஆபத்து உண்டு. 8பிட்டூ நிறுவனத்தின் 'அல்டிமேட் 2சி' கணினிக்கென ஒரு பதிப்பாகவும், நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவிக்கென புளூடூத் உள்ள வேறொரு பதிப்பாகவும் வருகிறது. தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே பெட்டியின் பின்புறத்தில் எந்தெந்தக் கருவிகளில் இயங்கும் என்று அச்சிட்டிருப்பதை முழுவதும் படித்த பிறகே பணம் கொடுங்கள்.

கோபாலபுரம், ஒரு தந்தை: மகனிடம் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. கடையில் அதற்கும் பொருந்தும் என்று சொல்லி, பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர் போலவே இருக்கும் ஒன்றைக் குறைந்த விலைக்குக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

வாங்க வேண்டாம், ஐயா. பிளேஸ்டேஷன் 5-இல் பழைய பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளை ஆட அது உதவலாம். ஆனால் பிளேஸ்டேஷன் 5-க்கென்றே வந்த விளையாட்டுகளை ஆட, சோனியின் சொந்த பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரையே அந்தக் கருவி அனுமதிப்பதில்லை என்னும்போது, அதைப் போலச் செய்த மலிவான ஒன்று எப்படி இயங்கும்? எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே எச்சரிக்கைதான். எக்ஸ்பாக்ஸ் கருவிகள் கன்ட்ரோலருடன் பேசுவது மைக்ரோசாஃப்டின் தனி வயர்லெஸ் முறையில். புளூடூத் கன்ட்ரோலரை அவை ஏற்பதில்லை. மைக்ரோசாஃப்டின் உரிமம் பெறாத துணைக்கருவிகளை 2023 நவம்பரிலிருந்து தடுக்கவும் தொடங்கிவிட்டார்கள். இந்த இரண்டில் ஒன்று வீட்டில் இருந்தால், மலிவான கன்ட்ரோலரைத் தேடி அலையாமல் பணத்தைச் சேர்த்து உரிமம் பெற்றதையே வாங்கிக் கொடுங்கள்.

மீனாட்சிபுரம், பிளஸ் டூ மாணவி: அண்ணா, நான் வாங்கிய கன்ட்ரோலரில் நான்கே மாதங்களில், கட்டைவிரலால் அசைக்கும் ஸ்டிக்கைத் தொடாமலேயே, விளையாட்டில் வரும் ஆள் தானாக நடக்கத் தொடங்கிவிட்டான். நான் செய்த தவறு என்ன?

நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை, தங்கச்சி. நானும் முன்பொரு முறை விலையை மட்டும் பார்த்து ஒன்றை வாங்கி, அரையாண்டுக்குள் இதே நிலைக்கு வந்து மிகவும் வருந்தியிருக்கிறேன். இதை 'டிரிஃப்ட்' என்பார்கள். சாதாரண ஸ்டிக்கின் அடியில் பொட்டென்ஷியோமீட்டர் என்ற சிறு பாகம் இருக்கிறது. அதில் ஒரு மெல்லிய உலோகத் தகடு கார்பன் பூச்சின் மேல் உரசியபடி நகர்ந்து, ஸ்டிக் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. உரச உரசப் பூச்சு தேய்கிறது, தேய்ந்த துகள் அங்கேயே தங்குகிறது, நடுவில் நிற்கும் ஸ்டிக்கையும் சாய்ந்திருப்பதாகக் கருவி தவறாகப் படிக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் வீசும் காற்று நம் வீடுகளுக்குள் கொண்டுவந்து கொட்டும் புழுதியும் இதற்குத் துணை போகிறது. பழுதுக்கு வரும் கன்ட்ரோலர்களைத் திறக்கும்போது அந்தச் செம்மண் தூசியை நான் கண்ணால் பார்க்கிறேன்.

அடுத்த முறை 'ஹால் எஃபெக்ட்' ஸ்டிக் உள்ளதை வாங்குங்கள். அதில் ஸ்டிக்கோடு நகர்வது ஒரு சிறு காந்தம். காந்தப்புலத்தின் மாற்றத்தை அருகிலுள்ள உணரி படிப்பதால், அளக்கும் இடத்தில் உரசலே இல்லை. 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவு இது. சேகா நிறுவனம் 1998-இல் வெளியிட்ட டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இந்த முறை இருந்தது. இன்று விலை குறைந்த கன்ட்ரோலர்களிலும் இது கிடைப்பது பெரிய நன்மை. 'டிஎம்ஆர்' என்று போட்டிருந்தாலும் தயங்காமல் வாங்கலாம். அதுவும் காந்தத்தைப் படிக்கும் முறைதான், மின்சாரமும் குறைவாகவே செலவாகும். ஆனாலும் ஸ்டிக்கை நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் தளரும் என்பதால், காலம் முழுவதும் கெடாது என்ற விளம்பரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இப்போது கையில் இருப்பதை எறிந்துவிட வேண்டாம். விளையாட்டின் அமைப்புகளில் 'டெட் ஸோன்' (ஸ்டிக்கின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் எல்லை) அளவைச் சிறிது கூட்டினால் சில மாதங்கள் ஓட்டலாம்.

வண்டித்தாவளம், வங்கி ஊழியர்: புளூடூத் நல்லதா, டாங்கிள் நல்லதா?

கணினிக்கு டாங்கிள்தான் (யூ.எஸ்.பி துளையில் செருகும் சிறு வயர்லெஸ் ஏற்பி); பொத்தானை அழுத்தியது விளையாட்டில் தெரிவதற்கான தாமதம் பொதுவாக அதில் குறைவு. கைபேசிக்குப் புளூடூத் வசதியானது. டாங்கிளைக் கணினியின் பின்புறத்து யூ.எஸ்.பி 3.0 துளையில் செருகிவிட்டு, சிக்னல் விட்டுவிட்டு வருகிறது என்று பலர் என்னிடம் வருகிறார்கள். யூ.எஸ்.பி 3.0 இயங்கும்போது எழும் மின் இரைச்சல், டாங்கிள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே குறுக்கிடுகிறது. ஒரு சிறிய நீட்டிப்பு வயர் வாங்கி டாங்கிளை மேசைமேல் வைத்தால், பெரும்பாலும் புதிய கன்ட்ரோலர் வாங்கும் செலவு மிச்சமாகும்.

வாளையார், பள்ளி மாணவர்: அண்ணா, கைபேசியில் பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) விளையாடத்தான் எனக்குக் கன்ட்ரோலர் வேண்டும்.

அதற்காக வாங்காதீர்கள், தம்பி. அந்த விளையாட்டு கன்ட்ரோலரை நேரடியாக ஏற்பதில்லை. திரைத் தொடுதலைப் போல நடிக்கும் செயலிகளை இடையில் வைத்து ஆடினால் உங்கள் கணக்கே முடக்கப்படலாம்.

கொழிஞ்சாம்பாறை, ஒரு தாய்: மகளுக்குக் கன்ட்ரோலர் வாங்கக் கோயம்புத்தூர் போகிறோம். கடையிலேயே எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

லேப்டாப் ஒன்றை உடன் எடுத்துச் செல்லுங்கள், அக்கா. கன்ட்ரோலரைச் சோதிக்கும் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கை எல்லாப் பக்கமும் தள்ளிக் கைவிட்டால், திரையில் எண்கள் பூஜ்ஜியத்துக்கு மிக அருகில் வந்து நிற்க வேண்டும். பிறகு ஆள்காட்டி விரலால் அழுத்தும் பின்புறத்து ட்ரிக்கரை மிக மெதுவாக அழுத்துங்கள். எண் படிப்படியாக ஏறினால் நல்லது. பூஜ்ஜியத்திலிருந்து ஒரே தாவலில் முழு அளவுக்குப் போனால், அது வெறும் பொத்தான், கார் ஓட்டும் விளையாட்டுகளில் வேகத்தைக் கட்டுப்படுத்த உதவாது. கன்ட்ரோலரை நின்டெண்டோ ஸ்விட்ச் முறையில் வைத்திருந்தால் நல்ல ட்ரிக்கரும் இப்படித்தான் தாவும் என்பதால், எக்ஸ்-இன்புட் முறைக்கு மாற்றிய பிறகே இதைப் பாருங்கள்.

சார்ஜ் ஏறுவதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். இரு முனையிலும் டைப்-சி உள்ள வயரில் சார்ஜ் ஏறாத மலிவான கன்ட்ரோலர்கள் உண்டு. அது பழுதன்று, ஒரு முனையில் பழைய அகலமான யூ.எஸ்.பி உள்ள வயரைச் செருகினால் ஏறும், ஆகையால் பெட்டியில் அந்த வயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.