மனச்சிதைவும் வார்டு பேச்சும்: செவிலியர் கேள்விகளுக்குப் பதில்

வந்த கேள்விகளில் விழிப்புணர்வு போஸ்டர், பேரணி பற்றி எதுவும் இல்லை. நல்லதுதான். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவரை ஒதுக்குவது பல நேரம் நம் வார்டுப் பேச்சிலேயே ஆரம்பிக்கிறது.

அறுவை சிகிச்சை வார்டில் வேலை. மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடுபவர் வயிறு வலிக்கிறது என்றால், "சைக்கியாட்ரி கேஸ், அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். நான் என்ன செய்ய?

நிறையவே செய்யலாம். முதலில் என்ன மாத்திரை என்று பாருங்கள். குளோசபின் என்றால் உஷாராகிவிடுங்கள். அது குடலின் அசைவை மந்தமாக்கும். மலச்சிக்கல் முற்றி, குடல் அடைபட்டு உயிரே போனதுண்டு. கைநடுக்கத்துக்குச் சேர்த்துக் கொடுக்கும் டிரைஹெக்சிபெனிடில் அதை இன்னும் மோசமாக்கும். கடைசியாக எப்போது மலம் கழித்தார், வாந்தி உண்டா என்று அவரிடமே கேளுங்கள். வயிறு உப்பியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். நாடி, பிபி, வெப்பநிலை எடுத்து எழுதுங்கள்.

அப்புறம், டாக்டரிடம் சொல்லும் வரிசையை மாற்றுங்கள். "சைக்கியாட்ரி பேஷண்ட், வயிறு வலிக்குதாம்" என்றால் முதல் வார்த்தையோடு கவனம் போய்விடும். "நாலு நாளா மோஷன் போகல, வயிறு உப்பியிருக்கு, ரெண்டு தடவை வாந்தி, குளோசபின் எடுக்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள், எழுந்து வருவார். குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சல், தொண்டைவலி வந்தாலும் அலட்சியம் கூடாது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

பக்கத்துப் படுக்கைக்காரர்கள், "பயமா இருக்கு, அவரை வேறு இடத்துக்கு மாத்துங்க சிஸ்டர்" என்கிறார்கள்.

அவருக்கு என்ன நோய் என்று அவர்களுக்கு யார் சொன்னது? அநேகமாக நாம்தான், ஷிப்ட் மாறி அடுத்தவரிடம் ஓவர் கொடுக்கும்போது படுக்கை முன் நின்று உரக்க! 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அது ரகசியம் காக்க வேண்டிய தகவல். "அவர் விவரத்தை உங்களிடம் சொல்ல மாட்டேன், உங்கள் விவரத்தையும் அவரிடம் சொல்ல மாட்டேன்" என்று சொல்லுங்கள். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அடி வாங்குவதுதான் அதிகம்.

குரல் கேட்கிறது என்பவரிடம், "அப்படி ஒன்றுமில்லை" என்று சொல்லலாமா?

வாதாட வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "எனக்குக் கேட்கவில்லை, உங்களுக்குக் கேட்கிறது என்பது புரிகிறது. என்ன சொல்கிறது?" என்று கேளுங்கள். தன்னையோ பிறரையோ தாக்கச் சொல்கிறது என்றால், தனியே விடாமல் உடனே டாக்டருக்குத் தெரிவியுங்கள்.

கிராம சுகாதார செவிலியர் நான். மனச்சிதைவு உள்ளவர் வீட்டுக்குள் நுழைந்தாலே தெரு எட்டிப் பார்க்கிறது.

எங்கே, எப்போது பார்க்கலாம் என்று அவரையே கேளுங்கள். சிலருக்குத் துணை சுகாதார நிலையத்துக்கு வருவதுதான் வசதி. வீட்டுக்கே போவதென்றால் பிபி கருவியோடு போங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் வந்ததிலிருந்து, பிபி, சர்க்கரை பார்க்க வீட்டுக்கு ஆள் வருவது ஊருக்குப் பழகிய காட்சி. போன இடத்தில், "மாத்திரை சாப்பிடுறானா?" என்று அவர் அம்மாவிடம் கேட்காதீர்கள். மாத்திரை சாப்பிடுபவரே எதிரே உட்கார்ந்திருக்கிறார் இல்லையா?

ஒரு வீட்டில் மகனைச் சங்கிலியால் கட்டி வைத்திருக்கிறார்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017 சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. ஆனாலும் பெற்றோரைத் திட்டிவிட்டு வராதீர்கள். அடுத்த முறை கதவு திறக்காது. ராத்திரி ஓடிவிடுகிறானா, அடிக்கிறானா, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று காரணத்தைக் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவருக்கு அன்றே தகவல் கொடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அங்கிருந்தே போன் போட்டு, அம்மாவையும் பேச வையுங்கள்.