கத்தி எதற்கு?

கேள்வி: என் மகன் ஃபுளோரிடாவில் வேலை பார்க்கிறான். லீவு கிடைத்தால் நண்பர்களோடு ஆறுகளில் ஸ்கூபா டைவிங் போகிறான். அங்கே அலிகேட்டர் முதலைகள் உண்டாமே? கேட்டால், “காலில் கத்தி கட்டிக்கொண்டுதான் இறங்குகிறேன், பயப்படாதே அம்மா” என்கிறான். கத்தி போதுமா?

பதில்: முதலைக்காக யாரும் அந்தக் கத்தியைக் கட்டுவதில்லை அம்மா. ஆற்றடியில் விழுந்து கிடக்கும் மரங்களில் அறுந்துபோன தூண்டில் நரம்பு சிக்கிக் கிடக்கும். நைலான் நரம்பு தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. முதுகில் கட்டிய காற்று டாங்க்கின் வால்வில் ஒரு சுற்று விழுந்தால் ஆளை நகரவிடாது. அதை அறுக்கத்தான் கத்தி. அதற்குக் கட்டாயம் வேண்டும், கட்டிக்கொள்ளட்டும்.

முதலையைக் குத்தினால் என்ன ஆகும் என்பதை 2024 ஏப்ரலில் தெற்கு கரோலினாவின் கூப்பர் ஆறு காட்டிவிட்டது. என்றோ அற்றுப்போன மெகலடான் என்ற ராட்சதச் சுறாவின் பற்கள் அந்த ஆற்றடியில் கிடைக்கின்றன. கறுப்புத் தண்ணீர், நீட்டிய கை தெரியாது. தேடிப் போகிறவர்கள் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, இழுப்பு அடித்துக்கொண்டு போகாமலிருக்க ஒரு ஸ்க்ரூடிரைவரைத் தரையில் குத்திப் பிடித்தபடி நகர்வார்கள். அப்படித் தேடிவிட்டு மேலே வந்த ஒருவரின் கையை அலிகேட்டர் கவ்வியது. அதே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார். விடவில்லை. அவரையும் இழுத்துக்கொண்டு அடிக்குப் போய்விட்டது. கடைசியில் காலால் உதைத்து, கையைப் பிடுங்கிக்கொண்டு தப்பினார், எலும்பு முறிவோடு.

அவரை அது பிடித்தது தண்ணீர்மட்டத்தில் என்பதைக் கவனியுங்கள். அலிகேட்டர் வேட்டையாடுவது பெரும்பாலும் நீர்மட்டத்திலும் கரையோரத்திலும்தான். அதன் தாடையெங்கும் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிபவை உணர்வு உறுப்புகள். மேலே எழும் சிற்றலையைக்கூடக் கும்மிருட்டில் அவை கண்டுபிடித்துவிடும். ஆகவே உங்கள் மகன் குதித்த கையோடு இறங்கிவிட வேண்டும், மேலே மிதந்துகொண்டு அரட்டை கூடாது. ஏறும்போது படகை ஒட்டி ஏறட்டும். படகில் ஒருவர் கண்காணிப்பதற்கென்றே இருக்கட்டும். பொழுது சாய்ந்த பிறகு இறங்கவே வேண்டாம், அது இரை தேடும் நேரம். மே, ஜூன் இணைசேரும் காலம், அப்போது இன்னும் கூடுதல் கவனம்.

அவன் போவது ரெயின்போ ஆறு, ஜின்னி ஸ்பிரிங்ஸ் மாதிரி ஊற்றுநீர் இடங்கள் என்றால் பாதிக் கவலையை விட்டுவிடுங்கள். ஆண்டு முழுக்கச் சுமார் 22 டிகிரி செல்சியஸ், அடிவரை தெரியும் தண்ணீர். அலிகேட்டர் மும்முரமாக இரை தேட 28 டிகிரியாவது வேண்டும், 21க்குக் கீழே போனால் அநேகமாகச் சாப்பிடுவதையே நிறுத்திவிடும். ஊற்றுநீரிலும் முதலை உண்டுதான். ஆனால் தூரத்திலேயே கண்ணில் பட்டுவிடும், விலகிப் போகலாம். ஃபுளோரிடாவில் சுமார் 13 லட்சம் அலிகேட்டர்கள் இருக்கின்றன. சீண்டாத மனிதரை மருத்துவரிடம் போகும் அளவுக்குக் கடித்த சம்பவங்கள் ஆண்டுக்குச் சராசரி 8தான்.

டைவிங் கற்கும் எவரையும் பாடாய்ப் படுத்துவது மிதவைக் கட்டுப்பாடு. காற்றடைத்த ஜாக்கெட், இடுப்பில் ஈயக்கட்டி, இத்தனையும் இருந்தும் ஒரே ஆழத்தில் அசையாமல் நிற்க மாதக்கணக்கில் பழக வேண்டும். அலிகேட்டர் இதைத் தன் நுரையீரலைக் கொண்டே செய்கிறது! நுரையீரலைத் தசைகளால் வால்பக்கம் இழுத்தால் தலை கீழே சாயும், முன்னே தள்ளினால் தலை நிமிரும், பக்கவாட்டில் நகர்த்தினால் உடம்பு புரளும். யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. காலோ வாலோ அசையாது, சலசலப்பு இருக்காது, இருந்த இடத்திலிருந்தே முழுகிவிடும். உங்கள் மகன் போன்றவர்கள் மணிக்கணக்கில் வியந்து பார்க்க வேண்டிய பிராணி, தூரத்தில் நின்று.

அப்புறம், இந்தப் பக்கத்தில் நான் எத்தனையோ முறை சண்டை போட்ட விஷயம்: தீனி போடுவது. லூசியானாவின் சதுப்புநிலப் படகுச் சுற்றுலாக்களில் மார்ஷ்மல்லோ வீசி முதலையை வரவழைத்து வேடிக்கை காட்டுவார்கள். பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு. இயல்பாக மனிதனைக் கண்டால் ஒதுங்கும் பிராணி, படகுச் சத்தம் கேட்டாலே சோறு வரும் என்று கற்றுக்கொள்கிறது. அடுத்த படகிலிருந்து இறங்குகிறவன் உங்கள் மகனாக இருக்கலாம். ஃபுளோரிடாவில் அலிகேட்டருக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். அச்சம் விட்டுப்போன முதலையைப் பற்றி யாராவது புகார் கொடுத்தால், அது 4 அடிக்கு மேல் நீளமாக இருந்தால், அரசு அனுமதி பெற்ற பிடிகாரர் வருவார். வேறு இடத்தில் கொண்டுபோய் விடுவது அபூர்வம், பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். 1967இல் அற்றுப்போகும் பட்டியலில் சேர்த்து, காத்து வளர்த்து, 1987இல் பட்டியலிலிருந்து எடுத்த இனம் இது.

மகனிடம் இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள் அம்மா. அவன் இறங்கப் போகும் இடத்தில் யாராவது முதலைக்கு எதையாவது வீசிக்கொண்டிருந்தால், அன்று அங்கே இறங்க வேண்டாம். படகைத் திருப்பி வேறு இடம் பார்க்கட்டும்.