கடவுள் உண்டா இல்லையா என்று தெரியாது என்பவர், சடங்கில்லாமல் மணம் முடிக்க முடியுமா?

தமிழ்நாட்டில் தாராளமாக முடியும். உங்கள் ஐயம் சட்டத்துக்குப் பொருட்டே இல்லை: முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத எவருக்கும் பெரும்பாலும் இந்து திருமணச் சட்டமே பொருந்தும். இருவரும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்றால், அதில் 1967 தமிழ்நாட்டுத் திருத்தம் சேர்த்த 7-ஏ பிரிவு போதும். உறவினர், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையில் "இவரை என் துணையாக ஏற்கிறேன்" என்று இருவருக்கும் புரியும் மொழியில் சொல்லலாம், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றலாம், அல்லது தாலி கட்டலாம். ஏதேனும் ஒன்று போதும், புரோகிதர் வேண்டாம். ஊரறிய நடத்தவும் கட்டாயமில்லை என 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பலர் சறுக்குவது பதிவில். 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

ஒருவர் கிறிஸ்தவர் அல்லது முஸ்லிம் என்றால் இந்த வழி செல்லாது. 1954 சிறப்புத் திருமணச் சட்டம்தான். அதற்கு இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்து மேலும் 30 நாள் காத்திருக்க வேண்டும். மூன்று சாட்சிகள் தேவை. பெயரும் முகவரியும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் என்பதால், வீட்டில் எதிர்ப்பு உள்ளவர்களுக்கு அந்தக் காத்திருப்பு உண்மையிலேயே ஆபத்தானது. இது மாற வேண்டும்.

மத நம்பிக்கையைப் பற்றிய உறுதிமொழி எதையும் இரண்டு வழியிலும் சட்டம் கேட்பதில்லை.