பஸ் சுற்றுலாவுக்கு எடை குறைந்த கைப்பையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கைப்பை என்பது பஸ் டிக்கியில் போடாமல், இருக்கைக்கு மேலே உள்ள தட்டிலோ காலடியிலோ நம்மோடே வைத்துக்கொள்ளும் பை. அந்தத் தட்டு பெரும்பாலும் உயரம் குறைவு. கெட்டியான டிராலி பெட்டி நுழையாது, துணிப்பை அமுங்கி நுழைந்துவிடும்.

அப்புறம் எடை. சின்ன டிராலியே காலியாக 2, 3 கிலோ வரும். ஜிப் வைத்த துணிப்பை 1 கிலோவுக்குள் கிடைக்கும். டிராலி எடுத்துப் போவது பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுப்பது போலத்தான், தண்ணீர் ஊற்றும் முன்பே குடம் கனக்கும். புதுச்சேரியில் ஏறி சிதம்பரம், வைத்தீஸ்வரன்கோயில், திருநள்ளாறு என்று வழிகாட்டியோடு இறங்கி ஏறும் பயணத்தில், பெரியவர்களின் தோள் அந்தக் கனத்தை உடனே உணரும். கடையிலேயே தலைக்கு மேல் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்.

சக்கரம் இருந்தால் எடை தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். பஸ் படியில் சக்கரம் உருளாது, கைதான் தூக்க வேண்டும்.